கட்டட வரைபட விண்ணப்பங்கள் நகராட்சியில் தேங்குகின்றன: கருத்துக்கேட்பு மனுவில் எதைக் கேட்பது?

கேள்வி
பதிவிட்டவர்: குடியிருப்போர் சங்கச் செயலாளர், குவாசூலு-நட்டால், தென்னாப்பிரிக்கா

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கம், நகராட்சியின் வரவுசெலவுத் திட்டத்தையும் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தையும் பற்றிய பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறது. சாலை, குடிநீர், குப்பை ஆகியவற்றை மற்றவர்கள் எழுதுகிறார்கள். கட்டட வரைபட விண்ணப்பங்களை நகராட்சி கையாளும் முறை பற்றிய பகுதி என் தலையில் விழுந்திருக்கிறது. எந்த நகராட்சி என்பதை வேண்டுமென்றே இங்கே குறிப்பிடவில்லை. குறைகளை அடுக்குவது எளிது. எதைக் கேட்டால் உண்மையில் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். “இது எங்கள் அதிகாரத்தில் இல்லை” என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டால், மறுபடியும் கேட்க அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் இருப்பவை பெரும்பாலும், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டத்தின் காலத்தில் இந்தியர்களுக்கென்று வரிசையாகக் கட்டித்தரப்பட்ட சிறிய வீடுகள். ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய வீட்டில் இப்போது மூன்று தலைமுறை வாழ்கிறது. மகனுக்குத் திருமணமானால் பின்பக்கம் ஓர் அறை, முழங்கால் வலியுள்ள தாயாருக்குப் படி ஏறத் தேவையில்லாத ஒரு சிறு வீடு, வாடகைக்கு விட ஓர் அவுட்பில்டிங் என்று எல்லாருக்கும் ஏதோ ஒன்று கட்ட வேண்டியிருக்கிறது. முறையாக வரைபடம் கொடுத்துக் கட்ட நினைப்பவர் மாதக்கணக்கில் அலைகிறார்; யாரையும் கேட்காமல் கட்டுகிறவர் ஒரு பள்ளி விடுமுறைக்குள் கூரை போட்டுவிடுகிறார்.

உறுப்பினர்கள் சொல்லும் குறைகளில் மூன்று திரும்பத் திரும்ப வருகின்றன. கவுன்டரில் கொடுத்த வரைபடத்தை “முதல் பார்வைக்கு” என்று வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், பதிவு எண் பல நாள் கழித்தே கிடைக்கிறது. பிறகு ஒரு குறையை மட்டும் எழுதி வரைபடத்தைத் திருப்புகிறார்கள். மழைநீர் வடிகாலைக் காட்டவில்லை என்றார்களே என்று அதைக் காட்டிக் கொடுத்தால், அடுத்த முறை எல்லைச் சுவரிலிருந்து ஜன்னல் இருக்கும் தூரம் போதாது என்று வருகிறது, அந்த ஜன்னல் முதல் வரைபடத்திலும் அதே இடத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். மூன்றாவது, கோப்பு இன்று எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரிவதில்லை.

கோயில் ஒன்றின் நிலை இன்னும் சிக்கலானது. அன்னதானம் சமைக்கும் மண்டபத்தை நீட்ட விண்ணப்பித்தார்கள். பழைய கட்டடம் என்பதால் மரபுச்சின்ன அமைப்பின் அனுமதி வேண்டும் என்ற செய்தியே அவர்களுக்கு ஒன்பதாம் மாதத்தில்தான் சொல்லப்பட்டது. காவடிக்குக் கூடாரம் போட்டுத்தான் சமைத்தார்கள்.

மனுவில் என்ன கேட்பது என்பதில் செயற்குழு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. “30 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள்” என்பது ஒரு தரப்பு. “ஆள் பற்றாக்குறைதான் காரணம், ஆளெடுக்கச் சொல்லுங்கள்” என்பது மற்றத் தரப்பு. எனக்கு இரண்டிலும் முழு மனதில்லை. இந்தத் துறையில் இருந்தவர்களும் இருப்பவர்களும் உங்கள் கருத்தைச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1
பதிவிட்டவர்: கட்டட வரைஞர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். உங்கள் மனு இதில் தடுமாறினால் மற்றது எல்லாமே தடுமாறும். நகராட்சிக்குப் போகும் விண்ணப்பங்கள் இரண்டு வேறு சட்டங்களின் கீழ் வருகின்றன. மனையின் பயன்பாட்டை மாற்றுவது, மனையைப் பிரிப்பது, சிறப்பு ஒப்புதல் பெறுவது, உரிமைப்பத்திரத்தில் உள்ள கட்டுப்பாட்டை நீக்குவது ஆகியவை 2013ஆம் ஆண்டின் 16ஆம் எண் சட்டமான ஸ்ப்ளூமாவின் (நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல், மேலாண்மைச் சட்டம்) கீழும், அதையொட்டி ஒவ்வொரு நகராட்சியும் இயற்றிய துணைவிதியின் கீழும் வரும். அந்தச் சட்டம் 2015 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சுவர் எழுப்புவதற்கான வரைபட அனுமதியோ 1977ஆம் ஆண்டின் 103ஆம் எண் சட்டமான தேசியக் கட்டட ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும். நீங்கள் சொல்லும் 30 நாள் இந்த இரண்டாவது சட்டத்தின் 7ஆம் பிரிவில்தான் இருக்கிறது: 500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடத்துக்கு 30 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 60 நாள். கோயில் மண்டபத்துக்கு இரண்டு வழியிலும் விண்ணப்பம் தேவைப்பட்டிருக்கலாம், அதற்கு மேல் 60 ஆண்டைக் கடந்த கட்டடம் என்றால் மாகாண மரபுச்சின்ன அமைப்பான அமாஃபாவின் அனுமதியும் வேண்டும். மூன்று கடிகாரங்கள் தனித்தனியாக ஓடுகின்றன; எது எப்போது தொடங்கியது என்று கோயில் குழுவிடம் யாரும் சொல்லவில்லை.

இனி தாமதத்துக்கு வருகிறேன். சட்டம் சொல்லும் காலக்கெடுவுக்குள் நடக்கும் தாமதம் என் அனுபவத்தில் குறைவு. தாமதமெல்லாம் அந்தக் கெடுவுக்கு வெளியே நடக்கிறது. விண்ணப்பம் நகராட்சிக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் “முதல் பார்வை” என்று ஒரு வாசல்படியை வைத்து, அதைத் தாண்டிய பிறகே கிடைத்ததாகப் பதிகிறார்கள். படியின் வெளியே கிடக்கும் நாள்கள் எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. ஆண்டு அறிக்கையைத் திறந்தால் பெரும்பாலான வரைபடங்கள் உரிய காலத்துக்குள் தீர்க்கப்பட்டன என்று இருக்கும், அது பொய்யும் அல்ல.

இரண்டாவது, நீங்கள் சொல்லும் அந்தத் திருப்பி அனுப்புதல். 7ஆம் பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். நகராட்சி செய்யக்கூடியவையாக அது சொல்பவை இரண்டே: அனுமதி அளிப்பது, அல்லது எழுத்து மூலம் காரணங்களைச் சொல்லி மறுப்பது. குறைச்சீட்டு ஒட்டித் திருப்புவது என்ற மூன்றாவது வழி அந்தப் பிரிவில் இல்லை. அது நடைமுறையில் வளர்ந்தது, விண்ணப்பதாரருக்கும் தொடக்கத்தில் வசதியாகத்தான் இருந்தது, ஏனென்றால் சின்னக் குறைக்காக மறுப்பு வாங்க யாருக்கும் மனம் வராது. ஆனால் திருப்பி அனுப்பிய நொடியில் கடிகாரம் நின்றுவிடுகிறது, மறுப்புக்குரிய காரணங்களை எழுத வேண்டிய கடமையும் இல்லாமல் போகிறது, ஒவ்வொரு துறையும் தன் குறையைத் தன் முறை வரும்போது சொன்னால் போதும் என்றாகிறது.

ஆகவே, கேட்க விசித்திரமாக இருந்தாலும், எங்களுக்கு முறையான மறுப்பைக் கொடுங்கள் என்று கேளுங்கள். மறுப்பு என்றால் எல்லாக் காரணங்களையும் ஒரே கடிதத்தில் எழுத வேண்டும். அந்தக் காரணங்களைச் சரிசெய்து, வரைபடத்தைப் பெரிதாக மாற்றாமல், மறுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மீண்டும் கொடுத்தால் கூடுதல் கட்டணமும் இல்லை, அதே 7ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எனக்குத் தெரிந்த பல வரைஞர்கள் இதை ஏற்கமாட்டார்கள். மறுப்புக் கடிதத்தைக் கண்டால் வீட்டுக்காரர் நம் வேலையைத்தான் குறை சொல்வார் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆனாலும் ஒரே முறை வாங்கும் முழு மறுப்பு, நான்கு முறை வாங்கும் அரைச்சீட்டைவிட நல்லது.

இணையவழி விண்ணப்பம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் முழுதாக நம்பவேண்டாம். கேப் டவுன் மாநகராட்சி விண்ணப்பங்களை இணையத்தில் பெறுகிறது, அது நல்ல ஏற்பாடு. அதன் நன்மை காகிதம் குறைந்ததில் இல்லை. கோப்பு எந்தத் துறையிடம், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று தெரிவதில் இருக்கிறது. அதைக் காட்டாத இணையதளம், கவுன்டரைத் திரைக்குள் மாற்றி வைத்ததோடு சரி.

பதில் 2
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற வரைபடப் பரிசோதகர்

மேலே எழுதிய வரைஞர் தம்பி சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். நான் ஒரு நகராட்சியின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் மேசையின் இந்தப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

மேசைக்கு வரும் வரைபடம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். விதிப்படி புதிய செங்கல் சுவருக்குச் சிவப்பும், கான்கிரீட்டுக்குப் பச்சையும், ஏற்கெனவே இருப்பதற்குச் சாம்பல் நிறமும் தீட்டப்பட்டிருக்க வேண்டும். இருக்கும் அவுட்பில்டிங் சாம்பல் நிறத்தில் அழகாகத் தீட்டப்பட்டிருக்கும். பழைய கோப்பை எடுத்துப் பார்த்தால் அப்படி ஒரு கட்டடத்துக்கு அனுமதியே கொடுக்கப்பட்டிருக்காது. சாம்பல் நிறத்தைத் தீட்டிவிட்டால் பழைய பிழை சட்டப்படி ஆகிவிடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அடுத்தது கழிவுநீர்க் குழாய். அந்தக் காலத்து வரிசை வீடுகளில் பொதுக் குழாய் பல இடங்களில் வீடுகளின் பின்புறமாக, மனைக்குள்ளேயே ஓடுகிறது. வரைபடத்தில் அது இருக்காது. தளத்துக்குப் போய்ப் பார்த்தால், புதிய படுக்கையறை வரப்போகிற இடத்தின் நடுவில் மேன்ஹோல் மூடி இருக்கும், அதன் மேல் துளசிமாடம் இருக்கும். குழாய் அடைத்துக்கொண்டால் அந்த வரிசையில் மேட்டில் உள்ள அத்தனை வீட்டுக் கழிவும் எங்கே வந்து நிற்கும் என்று வீட்டுக்காரர் யோசித்திருக்கமாட்டார். யோசிக்க வேண்டியவர் வரைந்தவர்.

வரைந்தவர் என்று சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டடக்கலைத் தொழிலுக்கான மன்றத்தில் பதிவுபெற்றவர் கையெழுத்திட்டால்தான் வரைபடத்தை ஏற்க வேண்டும். தளத்தையே பார்க்காமல் கையெழுத்தை மட்டும் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களால் உங்கள் வரிசை நீளுகிறது. நல்ல வரைபடத்துக்கு ஒதுக்க வேண்டிய நேரத்தைப் பரிசோதகர் இதற்குச் செலவிடுகிறார். பதிவு செய்யும் முன் ஒரு முதல் பார்வை இருப்பதற்கு இதுதான் காரணம். அதை எடுத்துவிடச் சொல்லாதீர்கள். முதல் பார்வைக்கும் தேதி முத்திரை குத்தச் சொல்லுங்கள், அதை ஒரு வாரத்துக்குள் முடிக்கச் சொல்லுங்கள், குறை இருந்தால் அன்றே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு முத்திரைக்கும் ஒரு பதிவேட்டுக்கும் நகராட்சிக்குப் பணச் செலவே இல்லை, அதனால் மறுப்பதும் கடினம்.

தானாகவே அனுமதி என்ற கோரிக்கையை மட்டும் கைவிடுங்கள். அது மிகவும் ஆபத்தானது. டோங்காட் நகரில் 2013 நவம்பர் 19 அன்று கட்டிக்கொண்டிருந்த வணிக வளாகம் இடிந்து விழுந்து இருவர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கட்டடத்துக்கு வரைபட அனுமதி இருக்கவில்லை. வேலையை நிறுத்தச் சொல்லி மாநகராட்சி நீதிமன்ற ஆணையும் வாங்கியிருந்தது, அதையும் மீறி வேலை நடந்தது. ஜார்ஜ் நகரில் 2024 மே 6 அன்று இடிந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் 34 பேர் இறந்தார்கள். அங்கே கேள்விக்கு உள்ளானவை வீடுகட்டுவோர் பதிவு நடைமுறையும் கட்டுமான மேற்பார்வையும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், காகிதத்தில் அனுமதி விரைவாகக் கிடைப்பதைவிடத் தளத்தில் ஆய்வாளர் வந்து நிற்பது முக்கியம் என்று நான் நினைக்கிறேன். அடித்தளக் குழியைக் கான்கிரீட் ஊற்றும் முன் வந்து பார்க்க ஆள் இல்லாத நகராட்சியிடம், அனுமதியை மட்டும் வேகமாகக் கொடு என்று கேட்பதில் பொருளில்லை. ஆளெடுக்கச் சொல்வதானால் கவுன்டருக்குக் கேட்காதீர்கள்; கட்டட ஆய்வாளர்களைக் கேளுங்கள்.

யாரையும் கேட்காமல் கட்டுகிறவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள்; அவர் ஏன் அஞ்சுவதில்லை என்று சொல்கிறேன். அதே 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவில், அனுமதியின்றிக் கட்டும் ஒவ்வொரு நாளுக்கும் அதிகபட்ச அபராதம் 100 ராண்ட். இன்று அந்தப் பணத்துக்குக் கட்டுமானப் பொருள் பெரிதாக எதுவும் கிடைக்காது. அதை நகராட்சியால் மாற்ற முடியாது, நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும், ஆகவே உங்கள் மனுவில் அதற்கு இடமில்லை. ஆனால் முறையாக வருகிறவரை அலைக்கழித்தால் மக்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதற்கு அது நல்ல விளக்கம், அந்த அளவில் ஒரு வரி எழுதலாம்.

செயலாளரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. முத்திரையையும் முழுக் காரணக் கடிதத்தையும் மனுவில் சேர்க்கிறேன். தானாகவே அனுமதி என்ற கோரிக்கையைக் குழுவில் சிலர் எளிதில் விடமாட்டார்கள். அவர்களிடம் பாதுகாப்பைப் பற்றிப் பேசினால், “என் பின்கட்டு அறை ஒன்றும் வணிக வளாகம் அல்ல” என்கிறார்கள். சட்டப்படியே அது முடியாது என்றால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். யாராவது சட்டம் அறிந்தவர் சொல்ல முடியுமா?

இன்னொரு கேள்வி பரிசோதகர் ஐயாவுக்கு. இலக்கை எங்கே எழுதச் சொல்வது? வளர்ச்சித் திட்டத்தின் நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு மறந்துவிடுவார்களோ என்ற ஐயம் இருக்கிறது.

பதில் 3
பதிவிட்டவர்: வழக்கறிஞர், டர்பன்

சட்டப்படி முடியாது. கட்டட ஒழுங்குமுறைச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது; அதன் 7ஆம் பிரிவின்படி நகராட்சி, கட்டடக் கட்டுப்பாட்டு அலுவலரின் பரிந்துரையைப் பரிசீலித்து, வரைபடம் அந்தச் சட்டத்துக்கும் பிற சட்டங்களுக்கும் பொருந்துகிறது என்று தானே திருப்தியடைந்த பிறகுதான் அனுமதி கொடுக்கலாம். யாரும் பார்க்காத ஒரு கோப்பைப் பற்றி யாரும் திருப்தியடைந்திருக்க முடியாது. மன்றத் தீர்மானம் ஒன்றினால் அந்த நிபந்தனையை நீக்கவும் முடியாது.

நீக்கினால்தான் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு தீர்ப்புகளைச் சொல்லுங்கள். கேப் டவுன் மாநகராட்சிக்கு எதிராக வலேலே என்பவர் தொடுத்த வழக்கில் 2008இல், அக்கம்பக்கத்தாருக்கு வரைபட நிலையில் தங்கள் தரப்பைச் சொல்லும் உரிமை இல்லை என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. ஆயினும் அலுவலரின் பரிந்துரை சட்டம் கேட்கும் வகையில் இல்லை என்பதால் நான்கு மாடிக் கட்டடத்துக்கான அனுமதியையே நீக்கியது. அதாவது மேலோட்டமாகப் பார்த்துக் கொடுத்த அனுமதி, கொடுக்கப்பட்ட பிறகும் உங்களைக் காப்பாற்றாது. 2013இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், கென்டன்-ஆன்-சீ ஊரைச் சேர்ந்த வழக்கொன்றில், அனுமதியில்லாமல் நிற்கும் ஒரு வீட்டை இடிக்கும்படி 21ஆம் பிரிவின் கீழ் ஆணை கேட்கப்பட்டால், மறுக்கும் விருப்புரிமை நீதிமன்றத்துக்கு இல்லை என்றது. தானாகக் கிடைத்த அனுமதியின் பலத்தில் வங்கிக் கடன் வாங்கிக் கட்டிய பின்கட்டை, பக்கத்து மனைக்காரர் ஒருவர் நீதிமன்றத்துக்குப் போய் இல்லாமல் ஆக்கிவிடலாம். பின்கட்டு சின்னது என்பது மட்டும் அங்கே உங்களைக் காப்பாற்றிவிடாது.

அப்படியானால் கெடு தாண்டியபின் விண்ணப்பதாரர் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா என்றால், இல்லை. 2000ஆம் ஆண்டின் நிருவாக நீதி மேம்பாட்டுச் சட்டம், சட்டம் குறித்த காலத்துக்குள் முடிவெடுக்காமல் இருப்பதையே நீதிமன்ற மறுஆய்வுக்குக் காரணமாக ஏற்கிறது. முடிவெடு என்று நீதிமன்றம் ஆணையிட முடியும். ஓர் அறைக்காக யார் உயர் நீதிமன்றம் போவார்கள் என்று கேட்பீர்கள், சரிதான். ஆனால் அந்த வழியைக் குறிப்பிட்டு எழுதிய ஒரு பக்கக் கடிதம் பல நேரங்களில் கோப்பை அலமாரியிலிருந்து இறக்கிவிடுகிறது. அந்தக் கடிதத்தை எழுதுவதற்கே நீங்கள் கொடுத்த தேதி காகிதத்தில் இருக்க வேண்டும். முத்திரை இல்லையென்றால் 30 நாள் எப்போது தொடங்கியது என்று நிறுவ வழியில்லை; பரிசோதகர் சொன்ன அந்த முத்திரையை ஒரு சின்னக் கோரிக்கை என்று எண்ணிவிடாதீர்கள்.

அதிகம் பேசப்படாத ஒரு வாய்ப்பும் சட்டத்தில் இருக்கிறது. 7ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவின்படி, எழுத்து மூலம் கேட்டால், இறுதி அனுமதிக்கு முன்பே வேலையைத் தொடங்கத் தற்காலிக அனுமதியை நகராட்சி வழங்கலாம், நிபந்தனைகளும் விதிக்கலாம். எந்தவகை வேலைகளுக்கு அதை வழங்குவார்கள் என்று ஒரு கொள்கையை எழுதி வெளியிடச் சொல்லுங்கள். தானாகவே அனுமதி வேண்டும் என்கிறவர்களின் அவசரத்துக்குச் சட்டத்துக்குள் இருக்கும் விடை இதுதான்.

நிலப் பயன்பாட்டு விண்ணப்பங்களைப் பற்றி ஒன்று மட்டும். ஸ்ப்ளூமாவின் 35ஆம் பிரிவின்படி எந்தவகை விண்ணப்பத்தை ஓர் அலுவலரே தீர்க்கலாம், எதை நகராட்சித் திட்டமிடல் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று நகராட்சி வகைப்படுத்தியிருக்க வேண்டும். தீர்ப்பாயத்தில் கவுன்சிலர்கள் உறுப்பினராக முடியாது என்பதால், கவுன்சிலரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்ற எண்ணத்தையும் உங்கள் உறுப்பினர்கள் விட்டுவிடலாம். உங்கள் நகராட்சியின் வகைப்படுத்தலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சின்னச் சின்ன ஒப்புதல்களெல்லாம் தீர்ப்பாயத்துக்குப் போகின்றன என்றால், அதை மாற்றச் சொல்வது மனுவில் ஒரு பத்தி பெறத் தகுந்தது.

பதில் 4
பதிவிட்டவர்: கீழ்மனைக்காரி, சாட்ஸ்வொர்த்

எல்லாரும் விண்ணப்பம் போடுகிறவர் பக்கம் நின்றே பேசுகிறீர்கள். நான் சரிவில் கீழே உள்ள மனையில் இருக்கிறேன். மேல்மனைக்காரர் எல்லைக்கோட்டுத் தளர்வுக்கு (எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளியைக் குறைப்பதற்கு) என் சம்மதம் வேண்டும் என்று ஒரு நாள் மாலை வாசல் கேட்டுக்கு வந்து, படிவத்தை மட்டும் நீட்டினார். வரைபடத்தைக் காட்டுங்கள் அண்ணா என்றேன். அது வரைஞரிடம் இருக்கிறது, ஒரு சின்ன கேரேஜ்தான் அக்கா என்றார். ஆளோடு ஆளாக வாழ்கிற தெருவில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியும். நான் போடவில்லை. இப்போது அவருடைய மகள் என்னோடு பேசுவதில்லை.

நான் கேட்டது கேரேஜைப் பற்றியே அல்ல. அவருடைய முற்றம் முழுவதும் சிமென்ட் போட்டால் அந்த மழைநீர் எங்கே போகும் என்பதைத்தான் கேட்டேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்த பிறகும், வரைபடத்தில் மழைநீர் வடிகாலைக் காட்டச் சொல்வதை ஒரு தொல்லை என்று இந்த இழையில் எழுதியிருக்கிறீர்கள். தாங்கு சுவரில் நீர் வெளியேறும் துளைகள் இல்லாவிட்டால், அந்தச் சுவர் முதலில் விழுவது என் சமையலறையின் மேல்.

வழக்கறிஞர் சொன்னதுபோல வரைபட நிலையில் எங்களுக்குப் பேச உரிமை இல்லை என்றால், தளர்வுக்குச் சம்மதம் கேட்கும் அந்த ஒரே வேளையில்தான் எங்கள் குரலுக்கு மதிப்பு இருக்கிறது. அதனால் உங்கள் மனுவில் இதையும் சேருங்கள்: சம்மதப் படிவத்தோடு வரைபடத்தின் சிறிய நகலும் இணைந்திருக்க வேண்டும், படிவத்தை விண்ணப்பதாரர் கையில் கொடுத்தனுப்பாமல் நகராட்சியே எங்களுக்கு அனுப்ப வேண்டும், முடிவு என்ன என்பதையும் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். இதனால் சில நாள் கூடும் என்றால் கூடட்டும்.

பதில் 5
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற வரைபடப் பரிசோதகர்

அம்மா கேட்டது முழுவதும் நியாயம். வரைபட நகல் இணைக்காத சம்மதப் படிவத்தை நான் வேலையில் இருந்தபோதே ஏற்கமாட்டேன். எல்லா அலுவலர்களும் அப்படி இல்லை என்பதால் அதை எழுத்தில் வைப்பது நல்லது. அதனால் நாள் அதிகமாகவும் ஆகாது, துறைகளுக்கு அனுப்பும்போதே அண்டை மனைக்காரருக்கும் அனுப்பினால் போதும். நான் பார்த்த அலுவலகத்தில் ஒரே கோப்பு தண்ணீர்த் துறையை முடித்துத் தீயணைப்புக்கு, அதை முடித்துச் சுகாதாரத்துக்கு என்று ஒவ்வொன்றாக நடந்தது. ஐந்து பிரதிகளை ஒரே நாளில் ஐந்து இடத்துக்கு அனுப்பி, பத்தாம் நாள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால் பாதி அலைச்சல் ஒழியும். செயலாளர் தம்பி குறிப்பிட்ட ஜன்னல் தூரமும் மழைநீரும் ஒரே கடிதத்தில் வந்திருக்கும்.

இலக்கை எங்கே எழுதுவது என்ற கேள்விக்கு வருகிறேன். வளர்ச்சித் திட்டத்தில் எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். நகராட்சி நிதியாண்டு ஜூலை 1 தொடங்குகிறது. அதற்கு 90 நாள் முன்பே, அதாவது மார்ச் முடிவதற்குள் வரவுசெலவுத் திட்ட வரைவு மன்றத்தில் வைக்கப்பட வேண்டும், கருத்துக்கேட்பு அதன்பின் நடக்கும். திட்டம் நிறைவேறிய 28 நாளுக்குள் மேயர் சேவை வழங்கல் செயலாக்கத் திட்டம் என்ற ஓர் ஆவணத்துக்கு ஒப்புதல் கொடுப்பார். காலாண்டு வாரியாக அளவிடும் இலக்குகள் அதில்தான் இருக்கின்றன, அதிகாரிகளின் செயல்திறன் ஒப்பந்தங்களும் அதையொட்டியே எழுதப்படுகின்றன. உங்கள் கோரிக்கை அந்த ஆவணத்தில் ஏறும்படி கேளுங்கள்.

எந்த எண்ணைக் கேட்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். தேசியக் கருவூலத்தின் 88ஆம் சுற்றறிக்கையில், வரைபட விண்ணப்பங்களைத் தீர்க்க ஆகும் சராசரி நாள் என்று ஓர் அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. சராசரி எளிதில் அழகாகிவிடும். எல்லைச் சுவருக்கும் நீச்சல் குளத்துக்கும் கொடுத்த விரைவான அனுமதிகள் சேர்ந்து, ஓர் ஆண்டாகக் கிடக்கும் கோயில் மண்டபத்தை மறைத்துவிடும். எனவே சராசரியோடு மூன்று எண்களைக் கேளுங்கள்: கவுன்டரில் கொடுத்த நாளுக்கும் பதிவு எண் கிடைத்த நாளுக்கும் இடையிலான நாள்கள், ஒன்றுக்கு மேற்பட்ட முறை திருப்பப்பட்ட கோப்புகள், காலாண்டு முடிவில் 90 நாளைத் தாண்டியும் முடிவில்லாமல் இருக்கும் கோப்புகள். பெயரோ முகவரியோ வேண்டாம், எண்ணிக்கையும் எந்தத் துறையிடம் நிற்கிறது என்பதும் போதும். இந்த மூன்றையும் தொகுக்கத் தேவையான தேதிகள் அவர்களுடைய பதிவேட்டில் இல்லை என்று பதில் வந்தால், முத்திரை கேட்கும் உங்கள் முதல் பத்திக்கு அந்தப் பதிலையே அடுத்த கூட்டத்தில் ஆதாரமாக வையுங்கள்.